மார்லிஸ் பார்க்காத ஆட்டம்

"வா, வா, இன்னும் கொஞ்சம். வலது பக்கம் ஒடி தம்பி. பனிக்கு அடியில என் ரோஜாச் செடி இருக்கு, ஏத்திட்டீன்னா நீதான் வந்து நட்டுத் தரணும்."

இரண்டு கைகளாலும் காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் நடக்கிறாள் மார்லிஸ். அவள் வீட்டு முன்புல்வெளியில் இது பதினான்காவது கார். அமெரிக்கக் கால்பந்து மைதானம் மூன்று தெரு தள்ளி இருப்பதால், ஆட்ட நாளில் எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலும் கார் நிறுத்துமிடம்தான். ஆனால் மார்லிஸ் நிறுத்துவதைப் போல யாராலும் நிறுத்த முடியாது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு காரைப் பார்த்ததும் அது எத்தனை அங்குலம் இடம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள். ஆட்டம் முடியும் முன்பே கிளம்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் அவருக்கு இடமில்லை. "பாதியில எழுந்து போறவனா இருந்தா எதிர் வீட்டைப் பாரு" என்று என் வீட்டுக்குக் கைகாட்டிவிடுவாள்.

தொப்பி, கோட்டு, காலுறை, பல்விளக்கும் பிரஷ் வரைக்கும் எங்கள் அணியின் பச்சையும் மஞ்சளும். விஸ்கான்சின் மாநிலத்தில் இவளை மிஞ்சிய ரசிகை இருந்தால் நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் இருபத்து மூன்று வருடமாக ஓர் ஆட்டத்தைக்கூட நடக்கும்போது பார்த்ததில்லை.

காரணம் அவளைப் பொறுத்தவரை கல்லில் எழுதியது. அவள் உட்கார்ந்து பார்த்த முக்கியமான ஆட்டங்கள் மூன்றும் வரிசையாகத் தோல்வி. நான்காவதில், பூயா கொதிக்கிறதா என்று பார்க்க கராஜுக்குப் போனாள். பூயா என்பது எங்கள் ஊரில் பெரிய அண்டாவில் வைக்கும் கோழிக் குழம்பு. அவள் வெளியே போன நேரத்தில் எங்கள் அணி புள்ளி எடுத்தது. அன்றிலிருந்து ஆட்டம் முடியும்வரை அவள் அந்த அண்டாவுக்குப் பக்கத்தில்தான். "நான் கண்ணால பார்த்தா பந்து கையை விட்டு நழுவுது. நான் என்ன பண்ண?" என்பாள். பேச்சுத் துணைக்கு நானும் அவளோடு கராஜில் இருப்பேன்.

பார்க்காவிட்டால் என்ன, காது இருக்கிறது. எங்கள் அணியிடம் பந்து இருந்தால் மைதானம் அடங்கிக் கிடக்கும். எதிரணியிடம் போனால், அவர்கள் பேசுவது அவர்களுக்கே கேட்காதபடி கத்தித் தீர்க்கும். அதை வைத்தே முழு ஆட்டத்தையும் சொல்லிவிடுவாள். உள்ளே அவள் கணவர் எல்ராயின் தொலைக்காட்சி இணையத்தில் ஓடுவது. மைதானத்தில் நடந்தது அவருக்கு நாற்பது வினாடி கழித்துத்தான் தெரியும். மைதானத்துச் சத்தம் ருசியைக் கெடுத்துவிடும் என்று அவர் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார். அந்த வீட்டின் ஒரே சட்டம், மார்லிஸ் முந்திக்கொண்டு முடிவைச் சொல்லக் கூடாது.

எல்ராய்க்குச் செப்டம்பரில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனைப் படுக்கையில் அவர் மார்லிஸிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு தடவையாவது நாம ஜெயிக்கிறதை நீ என் பக்கத்துல உக்காந்து பார்க்கணும்." அவளுக்கும் அந்த ஆசைதான் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு அரையிறுதி. வென்றால் இறுதிப்போட்டி, தோற்றால் அடுத்த வருடம். மாலை ஐந்து மணிக்கு நான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். மூன்று வினாடி பாக்கி, எங்களுக்கு இரண்டு புள்ளி முன்னிலை, ஆட்டத்தை இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அடுத்து எதிரணி உதைக்கப்போகிறது. பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் அவர்களுக்கு மூன்று புள்ளி, எங்கள் கதை முடிந்தது. மார்லிஸ் கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மைதானம் கத்திக்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரு மூச்சளவு அமைதி. அப்புறம் கராஜ் கதவே அதிரும்படி ஊர் வெடித்தது.

"தப்பிடுச்சு. உதை தப்பிடுச்சு" என்றாள் என் கையைப் பிடித்து. உடனே அவள் முகத்தில் வேறொன்று தோன்றியது. "நடந்து முடிஞ்சதை நான் இப்ப பார்த்தா ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டவள், என் பதிலுக்கு நிற்காமல் கரண்டியோடு உள்ளே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

சோபாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து எல்ராய் வெலவெலத்துப்போனார். ஹெட்ஃபோன் போட்டிருந்ததால் அவர் கெஞ்சியதே கத்தலாக வந்தது. "எழுந்து போ மார்லிஸ், உனக்குப் புண்ணியமாப் போகும். இருபத்து மூணு வருஷம் வெளிய இருந்தியே, மூணு செகண்டு இருக்க முடியலையா?"

"கால் குளிருது" என்றாள். சிரிப்பு வராமலிருக்க உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உதைத்த பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது. எல்ராய் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

"டாக்டர் குதிக்கக் கூடாதுன்னாரே."

"அவரும் இப்ப குதிச்சுக்கிட்டுத்தான் இருப்பார், போடி."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. நாற்பது வினாடி விஷயம் எல்ராய்க்குத் தோன்றவே இல்லை; சந்தோஷத்தில் இருப்பவருக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? கார் எடுக்க வந்தவர்களை நிறுத்தி வைத்து, ஆளுக்கொரு கிண்ணம் பூயா கொடுத்து, எல்லோரிடமும் சொன்னார்: "இவ ராசி மாறிடுச்சு. கூட உக்காந்து பார்த்தா, ஜெயிச்சோம். அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கும் இவ என் பக்கத்துலதான்." ஒரு தாடிக்காரர் பனியில் மண்டியிட்டே விட்டார். "வாக்குக் குடுங்க அக்கா, எங்களுக்காக." மார்லிஸ் வாக்குக் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள், பதினான்கு கார்க்காரர்களும் கைதட்டுகிறார்கள்.

இறுதிப்போட்டி நடப்பது ஃப்ளோரிடாவில். அங்கிருந்து எந்தச் சத்தமும் எங்கள் தெருவுக்கு வராது.

கராஜுக்கு வந்ததும் என்னிடம் கிசுகிசுத்தாள். "ராசி எங்க மாறுச்சு? நான் பார்த்தது ஆறிப்போன ஆட்டம். அடுத்த வாரம் சூடா பார்த்தேன்னா தொலைஞ்சோம். உண்மையைச் சொன்னா இந்த மனுஷன் முகம் என்ன ஆகும்?"

"இதெல்லாம் சும்மா, மார்லிஸ். நீ பார்க்கிறதுக்கும் அவங்க ஆடுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சிகாகோக்காரி மாதிரிப் பேசாதே" என்றாள். சிகாகோ எங்கள் அணியின் பரம எதிரி; அதற்குமேல் இங்கே வசை கிடையாது.

உள்ளிருந்து எல்ராய் கூப்பிட்டார். அந்த உதையை ஆறாவது தடவையாகப் போட்டுப் பார்க்கிறாராம், அவளும் வர வேண்டுமாம். மார்லிஸ் போய் அவர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். அப்புறம், பாட்டில் அடி போலத் தடித்த தன் மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றினாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு எதிரில் நிற்பது நானா தபால்பெட்டியா என்று தெரியாது. கண்ணாடியைக் கோட்டுப் பையில் போட்டு, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடிவிட்டு, அடுத்த ஞாயிறுக்கு ஒத்திகை பார்ப்பவள்போல் கண்களை அகல விரித்துத் தொலைக்காட்சியைப் பார்த்தாள்.