மறதி பிடித்த ரிமோட்

எங்கள் வீட்டில் டிவி போடுவது ஒரு வித்தை. டிவிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, நான் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒன்று என மூன்றையும் வரிசை தப்பாமல் அமுக்க வேண்டும். தப்பினால் படம் வரும், பேச்சு வராது. பேச்சு வந்தால் திரை நீலமாக நிற்கும். அந்த வரிசை வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தந்தால் அப்புறம் நான் எதற்கு?

கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். கதை எழுதுகிற ரைட்டர் இல்லை, காலையில் வேலைக்கு வந்தவர்களின் பேரை எழுதுகிறவன். அங்கே என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் சாயங்காலம் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுப் படி ஏறும்போதே உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும்.

"ஏனுங்க, வெரசா வாங்க. சீரியல் போட்டுட்டான்."

"உங்கூட பெரிய ரோதனை" என்று சலித்துக்கொண்டு போவேன். சலிப்பெல்லாம் வெளிக்குத்தான். உள்ளுக்குள் ஆபரேஷனுக்குப் போகும் டாக்டரின் நடை.

இந்தப் பெருமையை நான் வீட்டோடு வைத்திருக்கலாம். கரடியூரில் ஒரு காதுகுத்து விருந்தில், இலை போட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது, "நான் ஒரு நாள் வரலீன்னா எங்கூட்ல அணைஞ்ச டிவியவே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க" என்று அடித்துவிட்டேன். பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவியும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சனியனைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் சேலத்திலிருந்து வந்து இங்கே ஒரு டூரிஸ்ட் ஓட்டலில் வேலை பார்க்கிறவர். ரூமில் தங்குகிறவர்கள் ரிமோட்டைத் தொலைப்பதும் உடைப்பதும் வழக்கமாம். அதனால் எல்லா டிவிக்கும் பொதுவான யுனிவர்சல் ரிமோட்டைக் கைவசம் வைத்திருப்பார். அதில் ஒன்றை எங்கள் வீட்டு மூன்று பெட்டிகளுக்கும் பழக்கிவிட்டார். சிவப்பு லைட் எரியும்வரை ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நாலு இலக்க நம்பரைத் தட்டினார். அவ்வளவுதான்.

"இந்தாங்க அம்மிணி. இனி ஒண்ணு போதும்" என்றார்.

ஒரே அமுக்கு. படமும் பேச்சும் ஜோடியாக வந்தன. என் மனைவியின் முகத்தில் வந்த வெளிச்சம் டிவி வெளிச்சம் மட்டும் அல்ல. அவருக்கு நுரை ததும்பக் காப்பி வந்தது, எங்கள் கல்யாணத்துக்கு வந்த பித்தளை டம்ளரில். அந்த டம்ளரில் நான் குடித்து எத்தனை வருஷமோ தெரியவில்லை.

மறுநாள் நான் படியேறினேன். குரல் இல்லை. சீரியல் மாமியார் மட்டும் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுகையில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது.

ஆனால் அதற்கடுத்த நாள் ரிமோட் எதற்கும் மசியவில்லை. எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் இந்த மலையில் எல்லாமே நமுத்துப்போகும். மேகம் சன்னல் வழியாக வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். ரிமோட்டுக்குள் கம்பி பச்சை பூத்துவிடும். அதனால் டிவி பார்த்து முடித்ததும் பேட்டரியைக் கழற்றி அடுப்புக்கு மேலிருக்கும் பலகையில் வைப்போம். கல்யாணமான புதிதில் மலைக்குக் கீழேயிருந்து வந்தவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். முதல் ராத்திரி புதுசு வந்த குஷியில் கழற்ற மறந்தவள், அடுத்த ராத்திரி மறக்காமல் கழற்றியிருக்கிறாள். எங்கள் பழைய ரிமோட்டுகள் அதைத் தாங்கும். இந்தப் புதுசு, பேட்டரியைக் கழற்றினால் படித்ததை எல்லாம் மறந்துவிடுகிற ஜாதி.

சொன்னேனா? சொல்வேனா! சேலத்துக்காரர் மூக்குடைபட்டால் போதும் என்று பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எப்படியும் என்னைத்தானே கூப்பிட வேண்டும்?

அவள் வாசலுக்குப் போய், "ஏனுங்ண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றாள்.

அதிலிருந்து தினமும் அவர் வந்தார். தினமும் நம்பர் தட்டினார். தினமும் பித்தளை டம்ளர். நான் வாயைத் திறந்து "பேட்டரியக் கழட்டாத" என்று சொன்னால் அவருடைய ரிமோட் நிரந்தரமாக ஜெயித்துவிடும். சொல்லாவிட்டால் அவரே நிரந்தரமாக வந்துகொண்டிருப்பார். யோசித்துப் பார்த்ததில் நம்பரைத் திருடுவதே நல்லது என்று பட்டது.

அவர் தட்டும்போது பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன்.

"என்னங்க ரைட்டரே, கழுத்துச் சுளுக்கா?"

"பனிங்க. பனி ஒத்துக்கலை."

"தைலம் தேய்ங்க. ஏனுங் அம்மிணி, ஊட்ல தைலம் இருக்குதுங்களா?"

தைலம் தேய்த்துக்கொண்டே நாலு நாளில் மூன்று நம்பரையும் மனப்பாடம் செய்தேன். எஸ்டேட் நோட்டில் ஆள் பேர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு நாள் டிவி நம்பரை எழுதிவிட்டு அழித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சேலம் போயிருந்தார். என் மனைவி செத்த ரிமோட்டும் கையுமாக நின்றாள். நான் மெதுவாக எழுந்தேன். "இங்க குடு" என்றேன். முதல் முயற்சியில் ஸ்பீக்கர் மட்டும் அலறி, கூரையில் இருந்த குரங்குகள் இறங்கி ஓடின. இரண்டாவதில் எல்லாம் வந்தது. பாராட்டுக்காக அவள் பக்கம் திரும்பினேன்.

"இதுக்கு உங்களுக்கு இத்தன நாளு ஆச்சுங்களா?" என்றாள். "பேட்டரியக் கழட்டுனா மறந்துரும்னு அந்தண்ணன் ரெண்டாம் நாளே சொல்லிட்டாரு."

"பின்ன ஏன் கழட்டுன?"

"கரடியூர்ல பந்தியில என்ன சொன்னீங்க? அணைஞ்ச டிவியப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்னா? நீங்க எத்தன நாளைக்குப் பேப்பரப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்கன்னு பாத்தேன். நொம்பத்தான் பொறுமைங்க உங்களுக்கு."

அவள் அந்த விருந்தில் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பந்தியில் பேசியது தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். கூச்சமாக இருந்தது. "மாமியார் அழுவுறா பாரு" என்று திரையைக் காட்டினேன்.

அன்றிலிருந்து பேட்டரி உள்ளேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வருவதில்லை. என்னையும் யாரும் கூப்பிடுவதில்லை. மூன்று நம்பரையும் மண்டையில் வைத்துக்கொண்டு வேலையில்லாமல் திரிகிறேன்.

போன வாரம் பொறுக்க முடியவில்லை. அவள் துணி எடுக்க வெளியே போன நேரத்தில் நானே பேட்டரியைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தாள். ரிமோட்டை எடுத்தாள். கனமில்லாததைக் கையிலேயே தெரிந்துகொண்டு, பலகையிலிருந்து பேட்டரியை எடுத்துப் போட்டாள். சிவப்பு லைட். பிறகு பார்க்காமலேயே மூன்று நம்பரையும் தட்டினாள். நான் நாலு நாள் கழுத்தை நீட்டிப் படித்ததை அவள் எப்போது படித்தாள்?

இனி யார் மேல் பொறாமைப்படுவது என்று கொஞ்சம் குழம்பிவிட்டேன். அதற்குள் காப்பி வந்தது, வழக்கமான நசுங்கின எவர்சில்வர் டம்ளரில்.

"அந்தப் பித்தளை டம்ளர்ல எனக்கெல்லாம் தரமாட்டியா?"

"அது வந்துட்டுப் போறவங்களுக்குங்க" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க எங்க போகப்போறீங்க?"