ராஜேஸ்வரி டீச்சர் ஓட்டிய மாப்பிள்ளைக் கார்

“டீச்சர் போயிட்டா மிஸ்” என்று சுனில் பாஸ் தொலைபேசியில் சொன்னபோது நான் வெலிமடையில் கரட் வாங்கிக்கொண்டிருந்தேன். பண்டாரவளையில் கராஜ் வைத்திருக்கும் சிங்கள மெக்கானிக் அவர். வாங்கியதை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பதுளையில் எங்களோடு கணிதம் கற்பித்த ராஜேஸ்வரி டீச்சர், காலைத் தேநீரோடு உட்கார்ந்தவர், நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

பூனாகலையில் நடந்த இறுதிச் சடங்குக்கு உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். டீச்சருடைய கணவரின் அண்ணன், பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி, ஒலிவாங்கியில் பேசியதையும் கேட்டிருப்பீர்கள். “எங்க குடும்பத்து விளக்கு அணைஞ்சிருச்சு. என் தம்பியோட காரை நாந்தான் அந்தப் புள்ளைக்குச் சரிபண்ணிக் கொடுத்தேன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவு வீடு என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த நினைவுக் குறிப்பில் திறக்கிறேன்.

டீச்சர் பூனாகலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அந்தக் கடைக்கார வீட்டின் இளைய மகனைக் காதலித்துக் கட்டிக்கொண்டார். கணவர் இறந்து முப்பத்தோராம் நாள் காரியம் முடிவதற்குள், அவருடைய மொரிஸ் மைனர் காரின் சாவியை முதலாளி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்பதற்குக் கடைக்குப் போனோம். நானும் கூட நின்றேன். சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, “லயத்துல இருந்து வந்தவளுக்குக் கார் ஒரு கேடா? பஸ்ல போ” என்றார். டீச்சர் திரும்பி வெளியே நடந்தார். தெருவுக்கு வந்த பிறகு என்னிடம், “நீங்க கேட்டீங்கதானே டீச்சர்? மறந்துறாதீங்க” என்றார். அன்றிலிருந்து அவரை உறவு சொல்லி அழைத்ததே இல்லை. வெறும் ‘முதலாளி’தான்.

முதலாளி அந்தக் காரை ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் மலையேற்றி இஞ்சினைத் தீய்த்தார். பிறகு இஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு, வெறும் கூட்டை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து டீச்சர் வீட்டு வாசலில் போட்டார். அவர் திருப்பிக் கொடுத்தது இதைத்தான்.

சுனில் பாஸ் அதில் ஒரு ஜப்பான் இஞ்சினைப் பொருத்தினார். பழையதைவிட அது நீளம். இஞ்சினோடு சுழலும் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழையும். நிற்கும்போது குறையே இல்லை. முதல் தடவை கொஸ்லந்தைக்குப் போகப் பெரகலைப் பக்கம் இறங்கியபோது, ஒரு வளைவில் டீச்சர் பிரேக்கை அழுத்தினார். கரகரவென்று சத்தம் கேட்டது. ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. வளைவு முழுக்க ஆவி. செய்தி கடைத்தெருவுக்குப் போனதும் முதலாளி, “பொம்பள ஓட்டுனா கொதிக்கத்தான் செய்யும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

“ஃபேன் இலையைக் கொஞ்சம் சீவுவோம் டீச்சர்” என்றார் சுனில் பாஸ்.

“சீவினா காத்து குறையும். முதல்ல எப்படி முட்டுதுன்னு பாப்போம்.”

ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையை எடுத்து ஃபேன் இலையின் முன்பக்கம் ஒட்டினார். இஞ்சினைப் போடாமல் காரைச் சரிவில் உருளவிட்டுப் பிரேக்கை அழுத்தினார். நான் பொனட்டைத் தூக்கிப் பார்த்தேன். மா தட்டையாகி, அதில் ரேடியேட்டரின் வரிகள் பதிந்திருந்தன. இஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் தளர்ந்துபோய், பிரேக் போடும்போதெல்லாம் இஞ்சினே முன்னால் நகர்ந்திருக்கிறது. ரப்பர்களை மாற்றினார்கள். அந்த ஃபேனைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லிய கரண்ட் ஃபேன் ஒன்றை வைத்தார்கள். டீச்சர் அதன் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தார். காற்று எதிர்ப்பக்கம் போனது. வயர்களை மாற்றிக் கொடுத்த பிறகு தாள் ரேடியேட்டர் பக்கம் இழுபட்டது. சுவிட்சைத் தன் கைக்கு எட்டும் இடத்தில் கேட்டு வாங்கினார்.

“தேர் வேகத்துல போனாலும் கொதிக்கக் கூடாது பாஸ்.”

“அவ்வளவு மெதுவா எங்க போறது?”

“முதலாளி கடை வாசலுக்கு.”

அந்த நாளும் வந்தது. முதலாளியின் மகனுக்குக் கல்யாணம். ‘எங்கள் குடும்பத்துப் பழைய காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு’ என்று கொழும்புச் சம்பந்தி வீட்டாரிடம் பெருமை அடித்துவிட்டார். வேறு வழியில்லாமல் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். “தங்கச்சி, பழசையெல்லாம் மனசுல வைக்காத” என்று தொடங்கினார்.

“கார் தாரேன். நாந்தான் ஓட்டுவேன். முன்சீட்டுல எனக்குப் பக்கத்துல நீங்க உக்காரணும்” என்றார் டீச்சர்.

உட்கார்ந்தார். மாப்பிள்ளை பின்னால், நான் அவனுக்குப் பக்கத்தில். நாதஸ்வரக்காரர்கள் முன்னால் நடக்க, கார் அவர்கள் பின்னால் ஊர்ந்தது. முதலாளியின் கண் சூடு காட்டும் முள்ளின் மேலேயே இருந்தது. டீச்சர் சுவிட்சைத் தட்டினார். முள் நடுவிலேயே நின்றது. துணிக்கடை வாசலில் மேளம் நின்று வாசிக்க, டீச்சரும் காரை நிறுத்தினார். சம்பந்தி ஜன்னலோரம் குனிந்து, “அருமையா ஓட்டுறீங்கம்மா” என்றார்.

“இந்த வாசல்லதாங்க முதலாளி என்னைய பஸ்ல போகச் சொன்னாரு. லயத்துல இருந்து வந்தவளுக்குக் கார் ஒரு கேடான்னு கேட்டாரு. இப்பவும் அப்படித்தானான்னு நீங்களே கேளுங்க.”

குரலை உயர்த்தவே இல்லை. சம்பந்தி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தன் மடியைப் பார்த்தார். மேளம் மீண்டும் நகரும்வரை டீச்சர் காரை எடுக்கவில்லை. மண்டபத்தில் மாப்பிள்ளை டீச்சர் காலில் விழுந்தான்; ஆசீர்வதித்தார். பந்திக்கு மட்டும் வரவில்லை.

“மனசு ஆறுச்சா?” என்று மறுநாள் கேட்டேன்.

“இல்ல டீச்சர். ஆனா நேத்து நல்லாப் பசிச்சுச்சு. ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.”

மன்னித்திருக்கலாமே என்று அவரிடம் சொன்னவர்கள் உங்களிலும் இருக்கிறார்கள். “அவர் கேக்காத மன்னிப்பை நான் எங்க கொண்டுபோய்க் கொடுக்கிறது?” என்று அவர் திருப்பிக் கேட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

டீச்சர் காரை என் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் முதலாளி தன் கணக்குப்பிள்ளையை அனுப்பியிருந்தார். வந்தவர் நல்ல மனிதர். தேநீர் கொடுத்தேன். “குடும்பத்துக் கார் குடும்பத்துக்கே வரணும்னு ஐயா சொல்றாருங்க” என்றார்.

“கார் எங்கிட்டதான் இருக்கும். கடைத்தெரு வழியா அடிக்கடி ஓட்டிட்டும் வருவேன். அதையும் சொல்லிருங்க” என்றேன்.

ராஜேஸ்வரி டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்தக் கோபத்தை. நான் உள்ளவரை அதை ஆறவிட மாட்டேன்.