பூச்சி மட்டும் போனால் போதும்

வீட்டில் அவளுக்கு நிதானம் என்று பெயர். வைத்தவன் தம்பி. மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அவள் தட்டில் பாதி மிச்சம் இருக்கும். "எங்கக்கா ஒரு டம்ளரைக் கழுவிக் கவுத்து வைக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாணமாகி பிள்ளையே பொறந்துடும்" என்பான். அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். அவனுக்கு அந்த இரண்டும் வாய்க்காது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அப்பா இவர்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே கண்ணை மூடிவிட்டார். அம்மா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சேர்ந்து, ரத்தமும் மருந்தும் பட்ட விரிப்புகளை நாள் முழுக்கக் கொதிநீரில் போட்டு எடுத்து இருவரையும் ஆளாக்கினாள். தம்பி பள்ளி முடித்த கையோடு பஸ் டிப்போவில் மெக்கானிக் ஆனான். "நான் ஸ்பானரைப் பிடிக்கிறேன், நீ புத்தகத்தைப் பிடி" என்று அக்காளைப் பட்டம் வாங்க வைத்தவன் அவன்தான். மேற்கொண்டு அருங்காட்சியக வேலைக்கான முதுகலை படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது தாய்மாமன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பழைய சாமானைத் துடைச்சு வைக்கிறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா? ஒரு ஈரத்துணி குடு, மத்தியானத்துக்குள்ள நான் முடிச்சுத் தரேன்."

"நீங்க துடைச்சா துணிதான் மாமா மிஞ்சும், சாமான் மிஞ்சாது" என்றான் தம்பி.

முதல் வருஷம் முடிவதற்குள் அவன் போய்விட்டான். மழை வெறித்து வெயில் அடித்த காலை அது. வெயில்தானே என்று நீல ஸ்வெட்டரை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பியவன், பாலத்து இறக்கத்தில் வண்டி சறுக்கி விழுந்தான். துக்கத்துக்கு வந்த சனம் கலைந்ததும் அம்மா அந்த ஸ்வெட்டரைச் சுருட்டி ஒரு பாலிதீன் பையில் திணித்து, வாயை இறுக்கிக் கட்டி, இரும்புப் பெட்டிக்குள் வைத்தாள். மகள் அதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

படிப்பை விட்டுவிடவும் மனம் வரவில்லை. அவன் ஆசைப்பட்டது ஆயிற்றே. அந்த வகுப்புகளில் அவளுடைய மந்தம் முதல் முறையாக மரியாதை பெற்றது. பொருளை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்க வேண்டும். மோதிரம், வளையல் கூடாது. பக்கத்தில் பேனா வரக்கூடாது, பென்சில்தான். ஒரு தட்டை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுபோகக் கற்பதற்கே நாள் கணக்கில் பிடித்தது. துணிகளைப் பற்றிப் பாடம் எடுத்த பேராசிரியை கறாரானவர். "கை வைக்கிறதுக்கு முன்னாடி, வச்சிருந்தவங்க இதை எதுக்காக வச்சிருந்தாங்கன்னு கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்று ஓயாமல் சொல்வார்.

இரண்டாம் வருஷக் கடைசியில், செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு பழைய துணி கொண்டுவரச் சொல்லியிருந்த சமயம், அம்மா அந்தப் பையோடு வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"ஏண்டி, இதுல பூச்சி விழுந்துடுச்சுடி. இங்க பாரு, ஓட்டை. உங்க காலேஜுல இதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

மகள் விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். கம்பளியை அரிக்கும் புழுக்கள், மயிரிழை போன்ற கூடுகள். "பாலிதீன்ல கட்டி வைக்கலாமாம்மா? ஈரம் உள்ளயே நின்னு பூச்சிக்கு விருந்து வச்ச மாதிரி ஆயிடும். குடு, புதுசு மாதிரி ஆக்கித் தரேன்."

"புதுசெல்லாம் வேண்டாம். பூச்சி மட்டும் போனாப் போதும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேறு எவர் வீட்டுப் பொருளாக இருந்தாலும் அவள் உட்காரவைத்துக் கேட்டிருப்பாள். சொந்தத் தம்பியுடைய ஸ்வெட்டர், சொந்த அம்மா. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

காற்றை உறிஞ்சிவிட்ட உறையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்ததிலேயே பூச்சி செத்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வியர்வை உப்பு நூலைத் தின்னும், எண்ணெய்ப் பிசுக்கு மறுபடி புழுவைக் கூப்பிடும் என்றல்லவா படித்திருக்கிறாள்? வலைத்துணியை மேலே விரித்துத் தூசியை மிஷினால் உறிஞ்சினாள். காய்ச்சி வடித்த வாலை நீரில் மென்மையான சோப்பைக் கலந்து, கசக்காமல், பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கழுவினாள். தொட்டித் தண்ணீர் முதலில் கறுத்தது, பிறகு பழுப்பானது, பிறகு தெளிந்தது. தெளிந்த தண்ணீரைப் பார்த்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஓட்டைகளுக்கு உள்பக்கமாக அதே நீலத்தில் துணி கொடுத்துத் தைத்தாள். பேராசிரியை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வகுப்பிலேயே முதல் மதிப்பெண் போட்டார். அவரும் அன்று வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. மாணவியின் சொந்தத் தம்பி என்றதும் அவருக்கும் நாக்கு எழவில்லை.

வெள்ளைக் காகிதம் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மா ஈரக்கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரித்துப் பார்க்கவில்லை. அப்படியே முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிறகு கழுத்துப் பட்டியை மோந்தாள். அக்குளைத் திருப்பி மோந்தாள். கைநுனியை மோந்தாள்.

"தொவைச்சுட்டியா?"

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. கிரீஸ், வியர்வை, அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்து அவன் டிப்போ சந்தில் ஊதிய சிகரெட். அம்மா பையில் கட்டி வைத்திருந்தது ஸ்வெட்டரை அல்ல.

"அம்மா... நான்..."

"நல்லாத்தான் தொவைச்சிருக்க. எங்க ஆஸ்பத்திரி மிஷின்ல கூட இவ்வளவு சுத்தம் வராது." அம்மாவின் குரலில் குத்தல் இல்லை. தொழில் தெரிந்தவள் தொழிலைப் பார்த்துச் சொன்ன பேச்சுதான். குத்தியிருந்தால்கூட மகள் தாங்கியிருப்பாள்.

மறுநாள் அவள் டிப்போவுக்குப் போனாள். தம்பியோடு வேலை பார்த்தவன், அண்ணன் முறை கொண்டாடுகிறவன், விஷயத்தைக் கேட்டதும் கிரீஸ் துடைத்த கந்தலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தான். மேலே தம்பி வழக்கமாகப் பிடித்த சிகரெட்டும் ஒன்று வைத்தான். அம்மா டப்பாவைத் திறந்து மோந்தாள்.

"இது டிப்போ வாசம்டி" என்று மூடிக் கொடுத்தாள். "நீ என்ன பண்ணுவ, விடு. படிச்சதைத்தானே செஞ்ச."

அந்தப் படிப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் நகர அருங்காட்சியகத்தில் துணிப் பிரிவிலேயே வேலை கிடைத்தது. மாமா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். அவளும் காலையில் எழுந்து போய், செத்தவர்களின் சட்டைகளுக்கு வெளிச்சம் படாமல், ஈரம் படாமல் காவல் காத்தாள்.

குளிர்காலம் வந்தபோது அம்மா அட்டைப்பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கை நீளமாக இருந்ததால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டே சலவைக்கூடத்துக்குப் போனாள், கொதிநீர்த் தொட்டியருகே நின்றாள், சாயங்காலம் சோப்பு நுரை காய்ந்த முழங்கையோடு திரும்பி வந்தாள். வாரம் ஒருமுறை மற்ற துணிகளோடு சேர்த்து அடித்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். அந்தக் குளிர் முடிவதற்குள் முழங்கை மெலிந்து அந்தப் பக்க வெளிச்சம் தெரிந்தது. மகள் உள்பக்கம் கொடுத்த துணி ஓரத்தில் பிரிந்து தொங்கியது. எந்த நூல் எப்போது அறும் என்று சொல்லத் தெரிந்த கண் அவளுக்கு. அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி அப்படிப் பார்க்கிற?" என்றாள் அம்மா ஒரு காலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில். "குளிருது, போட்டுக்கிறேன். இனிமே அதை எதுக்குப் பெட்டியில வைக்கணும்?"