சிஸ்ரர் தொட்ட கால்

சுவிசுக்கு வந்து எனக்குக் கிடைச்ச முதல் வேலை, வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற ஒரு இல்லத்தில. பேர்ண் பக்கத்தில ஒரு சின்ன ரவுண். ஒரு ஸ்டேசன், ஒரு பேக்கரி, ஒரு சீஸ் கடை, மிச்சமெல்லாம் மாடு. படுக்கை விரிக்கிறது, தண்ணி கொண்டுபோறது, சாப்பாடு வாயில தீத்திறது, இதுதான் என்ர வேலை. எனக்கு மேல ஒரு நேர்ஸ் இருந்தவா. அம்பது தாண்டின மனுசி. கலியாணம் கட்டேல்லை. நரைச்ச தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருப்பா. தோடுமில்லை, மோதிரமுமில்லை. எல்லாரும் அவவை சிஸ்ரர் எண்டுதான் கூப்பிடுறது.

அவ ஒரு மெனோனைற். வேதக்காரருக்குள்ள அது ஒரு தனிப்பிரிவு. கைக்குழந்தையளுக்கு ஞானஸ்நானம் குடுக்க மாட்டினம், வளந்து தானா விரும்பிக் கேட்டால்தான். துவக்குத் தொட மாட்டினம், சண்டைக்கும் போக மாட்டினம். அதைக் கேட்ட அண்டைக்கே எனக்கு மனுசியைப் பிடிச்சுப்போச்சு. பின்னை, நாங்கள் எதுக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள்? சத்தியமும் பண்ண மாட்டினம். ஓம் எண்டா ஓம், இல்லை எண்டா இல்லை, அதுக்கு மேல ஒரு சொல்லும் தேவையில்லையாம். நான் வாயைத் திறந்தாலே "அம்மாவாணை" எண்டு தொடங்கிற ஆள். எப்பிடித்தான் ரெண்டுபேரும் பொருந்தினமோ தெரியேல்லை.

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. அந்தக் குளிருக்கு நான் பிள்ளைத்தாச்சி. முதல் பிள்ளை, கொழும்பில ஒரு லொட்ஜில, வெளிநாட்டுக்கு அனுப்பிற ஏஜென்சிக்காரனைப் பாத்துக்கொண்டிருந்த காலத்தில, வயித்துக்குள்ளயே அழிஞ்சுபோச்சு. அதால எனக்கு இருந்தது ஒரே நினைப்புத்தான்: இந்தப் பிள்ளை தங்கவேணும். அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைச்சன். நிலத்தைப் பாத்துப் பாத்து நடந்தன். என்ர மனுசன் "நீ முட்டையில நடக்கிற மாதிரியெல்லோ நடக்கிறாய்" எண்டு பகிடி பண்ணுவார். பண்ணிப்போட்டு, தானே ஓடிவந்து கையில இருக்கிற பையை வாங்குவார்.

இல்லத்தில கிழமைக்கு ஒருக்கா கால் கழுவிற மத்தியானம். சிஸ்ரர் ஒரு பேசினில இளஞ்சூட்டுத் தண்ணி வைச்சு, முழங்காலில நிண்டு, ஒவ்வொருத்தரின்ர காலாக் கழுவி, நகம் வெட்டி, விரலிடுக்கெல்லாம் துடைச்சு விடுவா. படுக்கையிலயே கிடந்து எல்லாரையும் திட்டிற கிழவர்கூட அந்த நேரம் பூனைக்குட்டி மாதிரி இருப்பார். அந்த வேலையை மட்டும் எங்களிட்டத் தரமாட்டா. தங்கட சபையில வருசத்தில சில ஞாயிறுகளில சோடி சோடியா இருந்து ஆளுக்காள் கால் கழுவிற வழக்கம் இருக்காம், பொம்பிளையளுக்குப் பொம்பிளையள், ஆம்பிளையளுக்கு ஆம்பிளையள். "ஒருநாள் வந்து பாருங்கோவன்" எண்டா. நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். மனசுக்குள்ள, ஆளை விடு தாயே எண்டிருந்தது.

அப்பிடியொரு மத்தியானம் எல்லாருக்கும் கழுவி முடிஞ்சுது. கால் வீங்கி நான் நொண்டி நொண்டி நடந்ததைக் கண்டிருக்கிறா போல. புதுசாத் தண்ணி எடுத்துவைச்சு, "இருங்கோ, உங்கட காலைத் தாங்கோ" எண்டா.

"ஐயையோ!" எண்டு துள்ளி எழும்பினன். எங்கட கால் ஆரிலயும் தெரியாமப் பட்டாலே தொட்டுக் கண்ணில ஒத்திற ஆக்கள் நாங்கள். வயசுக்கு மூத்த மனுசி, அதுவும் படிச்ச நேர்ஸ், எனக்கு முன்னால முழங்காலில இருந்து என்ர காலைத் தொடுறதோ? அந்தப் பாவம் வயித்தில இருக்கிறதின்ர தலையிலயெல்லோ விடியும்! எனக்கு அவ்வளவு டொச் பாசையும் வராது. "வேண்டாம், வேண்டாம்" எண்டு காலைக் கதிரைக்குக் கீழ இழுத்திட்டன்.

அவவின்ர முகம் சிவந்துபோச்சு. "மன்னியுங்கோ" எண்டு மெல்லச் சொல்லிப்போட்டு பேசினைத் தூக்கிக்கொண்டு போயிட்டா.

தன்ர மதத்துக்குள்ள இழுக்கப் பாக்கிறா எண்டு நான் பயந்திட்டன் எண்டு அவ நினைச்சாவாம். அதைப் பிறகுதான் சொன்னவா. ஒருகாலத்தில அவவின்ர ஆக்களைப் பழைய மதத்துக்குத் திரும்பச் சொல்லி ஆத்தில தாட்டுச் சாக்காட்டினவையாம். அதால அவைக்கு ஆரையும் வற்புறுத்திறது எண்டா நெருப்பு. அண்டையில இருந்து என்ர கால் இருக்கிற பக்கமே பாக்கிறேல்லை. நல்ல கூத்து! பிள்ளைக்குக் கூடாது எண்டு நான் காலை ஒளிக்க, என்ர மனசு நோகக்கூடாது எண்டு அவ கண்ணைத் திருப்ப, கால் பாட்டுக்கு வீங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அது ஒரு நோய் எண்டு தெரியாது. பிள்ளைத்தாச்சியளுக்குக் கால் வீங்கும்தானே, பார்லி அவிச்சுக் குடியும் எண்டு தெரிஞ்ச அக்கா ஒராள் போனில சொன்னா. குடிச்சன். என்ர சப்பாத்து கொள்ளேல்லை எண்டு மனுசனின்ர சொக்ஸையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு போனன்.

பிறகொரு காலமை, துணி மடிக்கிற அறையில நிக்கேக்க கண்ணுக்கு முன்னால பொட்டுப் பொட்டா மின்னிச்சுது. அலுமாரியைப் பிடிச்சன். சிஸ்ரர் வாசலில நிண்டவா.

"தலையிடிக்குதோ?"

"இல்லை, சிஸ்ரர். அம்மாவாணை இல்லை." வேலையால நிப்பாட்டிப் போடுவினம் எண்ட பயம் எனக்கு.

கிட்ட வந்து என்ர முகத்தைப் பாத்தா. "உங்கட அம்மா வேண்டாம். ஓமோ, இல்லையோ?"

அந்தக் கேள்விக்கு என்னால பொய் சொல்லேலாமப் போச்சு. "ஓம்" எண்டன். அழுகையும் வந்திட்டுது.

இந்தமுறை அவ என்னைக் கேக்கேல்லை. அதிலயே முழங்காலில இருந்து, சப்பாத்தைக் கழட்டி, சொக்ஸை உருவி, கணுக்காலுக்கு மேல பெருவிரலால அமத்தினா. கையை எடுத்த பிறகும் குழைச்ச மாவில பதிஞ்ச மாதிரி அந்தக் குழி அப்பிடியே கிடந்தது. அது மேல வருமா எண்டு ரெண்டுபேரும் பாத்துக்கொண்டிருந்தம். வரேல்லை.

"கோட்டைப் போடுங்கோ. இப்பவே."

தன்ர பழைய காரில அவவே ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனா. பிறஷர் உச்சத்துக்குப் போட்டுது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா தாயுமில்லைப் பிள்ளையுமில்லை எண்டு டொக்டர் சொன்னார். உடன வெட்டித்தான் எடுத்தவை. பொம்பிளைப்பிள்ளை. உள்ளங்கையளவு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்து, அம்மாளாச்சி புண்ணியம், தப்பியிட்டாள். அம்மாளாச்சி பாதி, சிஸ்ரர் பாதி.

பிள்ளையோட வீட்டை வந்த கையோட சிஸ்ரர் பாக்க வந்தா. கதவைத் திறந்ததும் நான் தடாலெண்டு அவவின்ர காலில விழுந்தன். நன்றி சொல்ல எங்களுக்கு அதைவிட வேற என்ன தெரியும்? மனுசி காலை இழுத்துக்கொண்டு பின்னுக்குத் துள்ளினா, நான் அண்டைக்குத் துள்ளின மாதிரியே. "எழும்புங்கோ! மனுசருக்கு முன்னால விழக்கூடாது!" அவ சத்தம் போட்டு நான் கேட்டது அண்டைக்குத்தான். என்ர மனுசன் நடுவில நிண்டு முழுசினார். பிறகு அவவே தணிஞ்சு, "என்ர கால்தான் வேணுமெண்டா, ஞாயிற்றுக்கிழமை எங்கட சபையில கால் கழுவல், வாங்கோ. துவாயும் கொண்டுவாங்கோ" எண்டா.

போனன். வெறும் சுவரும் மரவாங்குமா ஒரு மண்டபம். படமில்லை, சிலையில்லை. ஒரு வாத்தியமும் இல்லாம நாலு குரலில பாடிச்சினம். ஒரு வயசுபோன அம்மா என்ர பிள்ளையை மடியில வைச்சிருந்தா. பக்கத்து அறையில பொம்பிளையள் சோடி சோடியா இருந்தினம். முதல் சிஸ்ரர் என்ர காலைக் கழுவினா. கூச்சத்தில நெளிஞ்சுகொண்டிருந்தன். துடைச்சு முடிய, பெருவிரலால மெல்ல அமத்திப் பாத்தா. குழி விழேல்லை. சிரிச்சா.

பிறகு என்ர முறை. எந்தநாளும் தடிச்ச காலுறையோட நிக்கிற மனுசி. அவவின்ர வெறும் காலை நான் அண்டைக்குத்தான் கண்டன். தண்ணி ஊத்தேக்கயே கணுக்கால் வீங்கியிருந்தது தெரிஞ்சுது. நானும் பெருவிரலால அமத்தினன். குழி விழுந்து, அப்பிடியே கிடந்தது. இல்லத்தில இருதய நோய்க்காரருக்குக் கால் இப்பிடித்தான் வீங்கும், மூச்சும் வாங்கும்.

நிமிந்து பாத்தன். அவ யன்னல் பக்கம் பாத்துக்கொண்டிருந்தா.

"மூச்சு வாங்கிறதோ, சிஸ்ரர்?"

பக்கத்து மண்டபத்தில இன்னும் பாடிக்கொண்டிருந்தினம்.

"ஓமோ, இல்லையோ?"

எல்லாருக்கும் நேர்ஸா இருந்த மனுசி, சின்னப்பிள்ளை மாதிரித் தலையைக் குனிஞ்சா. "ஓம்" எண்டா.

"அப்ப கோட்டைப் போடுங்கோ. இப்பவே."

"பாட்டு முடியட்டும்" எண்டு கெஞ்சினா. நான் விடேல்லை. கண்ணீர் ஒருபக்கம் ஓட, அவவின்ர ரெண்டு காலையும் துவாயால துடைச்சன். காலுறையைப் போட்டுவிட்டன். சப்பாத்து நாடாவையும் நானே கட்டினன். இந்தமுறை அவ காலை இழுக்கேல்லை.