ஒரே புடவையில் மூன்று படங்கள்

மிராசுதாரின் மகளை, அக்கா என்று நான் கூப்பிடுபவளை, மூன்று வருடங்களில் மூன்று முறை படம் எடுத்தேன். மூன்று முறையும் அதே அரக்கு நிறப் பட்டுப் புடவை, அதே கொல்லைச் சுவர், அதே பத்து மணி வெயில். என்னுடைய கேமரா மார்புக்கு நேரே தொங்கும். குனிந்து அதன் மேல்கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகத் தெரியும். முதல் முறை, நான் ஒரு பக்கம் திரும்பச் சொல்லி, அவள் திரும்பியதும் மறுபக்கம் என்று மாற்றிச் சொன்னேன். "முதல்ல நீ ஒரு முடிவுக்கு வா. நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்" என்று அவள் சிரித்தாள். அது வெறும் கேலி இல்லை என்று எனக்குப் புரிய இரண்டு வருடங்கள் ஆயின.

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். கேமரா, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய சித்தப்பா கொடுத்தது. விடுதித் தோழி ஒருத்தியின் தமக்கைக்கு வரன் பார்த்தபோது, பெண்ணை ஸ்டுடியோவுக்கு அனுப்பவும் அவர்களுக்கு மனமில்லை, ஆண்பிள்ளை ஒருவன் வீட்டுக்குள் வந்து எடுக்கவும் சம்மதமில்லை. நான் போய் எடுத்தேன். அந்தக் கல்யாணம் சட்டென்று நிச்சயமாகிவிட்டது. அதிலிருந்து, "பொம்பளப் புள்ளையே வந்து போட்டோ புடிக்குதாம்" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு போனது. சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்துப் பெரிய வீடுகளின் கொல்லைப்புறங்களுக்குப் போனேன். கல்லூரிச் செலவை நானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். குத்தாலம் பக்கம் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த என் அப்பா, இதை டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். அவர் உழுத நிலம் மிராசுதாருடைய மைத்துனருக்குச் சொந்தம். அந்த வழியாகத்தான் திருக்காட்டுப்பள்ளிக்கு அப்பால் இருந்த மிராசுதார் வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

முதல் படம் எடுத்த மறு வருடம் திரும்பவும் கூப்பிட்டார்கள். "போன தடவ எடுத்தது கலங்கலா இருக்குன்னு சொல்றாங்கம்மா. முகமே தெளிவா இல்லையாம்" என்றார் அக்காவின் அம்மா. என் படத்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று உறுத்தியது. அன்று ஒரு முழு ரோலையும் அவளுக்கே செலவழித்தேன். பிரிண்டுகளை எத்தனை தரம் பார்த்தும் குறையே தெரியவில்லை. ஆனாலும் அடுத்த வருடமும் அழைப்பு வந்தது.

மூன்றாவது முறை நான் போனது சம்பா அறுவடைக் காலம். கூலித் தகராறில் உள்ளூர் ஆட்கள் அறுக்க மறுத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து ஆள் இறக்கப்போவதாகப் பேச்சு. வரப்பெல்லாம் சிவப்புக் கொடி. மதகடியில் போலீஸ் வேன். நான் உள்ளே போன சிறிது நேரத்தில் வயல்பக்கம் கூச்சல் எழுந்தது. வீட்டு வரவு செலவு பார்க்கும் காரியஸ்தர் ஓடி வந்து வாசல் கதவைத் தாழிட்டார். "பஸ்ஸெல்லாம் நின்னு போச்சு. யாரும் வெளிய தல காட்டாதீங்க" என்றார். படம் எடுத்து முடித்த பிறகும் நானும் அக்காவும் நெல் குதிருக்குப் பக்கத்து அறையில் அடைந்து கிடந்தோம். வெளியே கோஷம் நெருங்கி வருவதும் விலகிப் போவதுமாக இருந்தது. நான் கதவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நிதானமாகப் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாத. எனக்கு இது பழக்கம்" என்றாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தாள். நான் எடுத்த படங்கள், முதல் வருடத்ததும் இரண்டாம் வருடத்ததும், ஒன்றுகூடக் குறையாமல் அதில் இருந்தன.

"உம் படத்துல ஒரு குறையும் இல்ல. எதுவுமே இந்த வீட்ட விட்டு வெளிய போகல."

"ஏங்க்கா?"

"நெலத்துக்கு உச்சவரம்பு வந்துச்சுல்ல, அப்ப ஒரு பங்க எம் பேருக்கு எழுதி வச்சாங்க. நான் கட்டிக்கிட்டுப் போனா அதுவும் கூடவே போயிடும். வரன் பாக்கலியான்னு சொந்தக்காரங்க கேட்டா காட்டறதுக்கு வருசத்துக்கு ஒரு படம் வேணும். அதுக்குத்தான் நீ."

என் வேலையின் மேல் நான் வைத்திருந்த பெருமையெல்லாம் அந்த அறையிலேயே வடிந்துபோனது. அவள் குதிருக்குப் பின்னாலிருந்து ஒரு சாதாரண நூல் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட வேண்டும். வயது வரம்புக்கு அந்த வருடம்தான் கடைசி. சின்ன அளவில் படம் வேண்டும். பதில் என் விடுதி விலாசத்துக்கு வரட்டும் என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன். அவள் பூர்த்தி செய்து வைத்திருந்த படிவத்தைப் பைக்குள் வைத்தேன்.

மாலையில் கதவு திறந்தபோது மிராசுதார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். "நாலு வீடு போயி வர்ற பொண்ணு. பாத்தது கேட்டத அங்கங்கயே விட்டுட்டு வந்துடணும். ஒங்கப்பா எங்க மச்சான் நெலத்துலதான இருக்காரு?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

அவள் படத்தை ஒட்டிய பிறகும் அந்தப் படிவம் பதினொரு நாட்கள் என் பெட்டியில் கிடந்தது. தபாலில் சேர்த்தால் அப்பாவின் குத்தகை போய்விடலாம். சேர்க்காவிட்டால் அக்காவின் வருடம் போய்விடும். இரண்டு முறை தபாலாபீஸ் வரை போய்த் திரும்பினேன். கடைசியில் அதை அனுப்பினேன். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். தினமும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நேர்காணலுக்கு வரச்சொல்லி விடுதிக்குக் கார்டு வந்தது. அதை அவளிடம் சேர்க்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. மிராசுதார் வீட்டுக்குப் போய், போன தடவை எடுத்த நெகடிவ் கெட்டுவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். காரியஸ்தர் வாசலிலேயே வைத்துத் திட்டினார். "வேலை தெரியாத புள்ளைங்க எல்லாம் எதுக்குப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வர்றீங்க?" வாங்கிக்கொண்டேன். கொல்லைப்புறத்தில் அக்காவின் கையில் கார்டைத் திணித்தேன். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தத் திட்டு என்னைவிட வேகமாக ஊர் ஊராகப் போனது. அதன் பிறகு பெரிய வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பே வரவில்லை.

நேர்காணல் நாளில் பயிற்சிப் பள்ளி வாசலில் காலையிலிருந்து காத்திருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போனது. கடைசிப் பெண்ணும் வெளியே வந்த பிறகு காவலாளி கதவைச் சாத்தினார். அவள் வரவில்லை. எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது; அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததை என் அப்பா மூலம் அறிந்தேன். உச்சவரம்புக்குத் தப்ப வீட்டார் பெயர்களில் பிரித்து எழுதிய நிலங்களை விசாரிக்கத் தாசில்தார் அந்த வீட்டுக்கே வந்தாராம். இந்த நிலத்தை நீங்கள்தான் அனுபவித்து வருகிறீர்களா என்று அக்காவைக் கேட்டாராம். மிராசுதாரும் காரியஸ்தரும் அருகில் நிற்க, "அது எந்தத் திக்குல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதுங்க" என்றாளாம். பிறகு அந்த நிலம் கைவிட்டுப் போனது; அதில் நடவு நட்டவர்களில் சிலருக்குப் பட்டா கிடைத்தது. காவல் காக்க எதுவும் மிச்சமில்லாததால், அதே வருடம் மனைவியை இழந்து, இரண்டு குழந்தைகளோடு தரங்கம்பாடியில் இருந்த ஒரு குமாஸ்தாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு யாரும் படம் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

படிப்பு முடிந்து நான் பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்த பிறகு ஒரு முறை தரங்கம்பாடிக்குப் போனேன். அக்கா மெலிந்திருந்தாள். நான் கேட்காமலேயே அந்த நேர்காணல் நாளைப் பற்றிச் சொன்னாள். கார்டை அம்மா பார்த்துவிட்டாராம். மிராசுதாரிடம் சொல்லாமல், போக வேண்டாம் என்று அவள் காலில் விழுந்து அழுதாராம். "அன்னைக்கு என்னால வெளிய வர முடியல. அப்புறம் தாசில்தாரே உள்ள வந்தாரு. சொல்லிட்டேன்" என்றாள்.

"இங்க நல்லா இருக்கீங்களாக்கா?"

"அங்க நெலத்துக்காக இருந்தேன். இங்க புள்ளைங்களுக்காக இருக்கேன். புள்ளைங்க பரவால்ல, பேசுதுங்க."

எனக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்தப் பதிலில் எவ்வளவு ஆறுதல், எவ்வளவு துக்கம் என்று இன்னும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்று கிளம்பும்போது, குழந்தைகளில் சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் நிற்கும் இடம் வரை அக்காவும் வந்தாள். எத்தனையோ மணி நேரம் நாங்கள் ஒன்றாக இருந்திருக்கிறோம். தெருவில் சேர்ந்து நடந்தது அன்றுதான் முதல் முறை. கடல் காற்று எதிரே அடித்தது. அக்கா வெறுங்காலோடு மணலில் விறுவிறுவென்று நடந்தாள். அவளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நான் பின்னால் ஓடினேன்.