அக்கா நடக்க வைத்த எழுத்துகள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலருக்கு அவர் சேலையூரில் நர்சரி பள்ளி டீச்சராக இருந்தார் என்பது மட்டும் தெரியும். உடன்பிறந்தவன் என்ற முறையில் மீதியை நான் எழுதுகிறேன்.

அனகாபுத்தூரில் பிறந்த அக்கா, அப்பா தவறிய வருடம் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பள்ளியில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே தாளாளர் அசல் சான்றிதழ்களை வாங்கித் தம் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அக்காவின் வகுப்பில் ஒலிதான் முதலில். தரையில் சாக்பீஸால் பெரிதாக 'ப' வரைந்து, அதன்மேல் பிள்ளைகளை நடக்க விடுவார். இறங்கி, திரும்பி, ஏறி, உதடு சேர்த்து 'ப' என்று வெடிக்க வேண்டும். 'ட' என்றால் இறங்கித் திரும்பிக் காலைத் தட்ட வேண்டும். 'ம்' வந்தால் வாயை மூடி முனகியபடி நிற்க வேண்டும். ஒருநாள் மூன்றையும் வரிசையாக நடந்து முடித்த சிறுமி ஒருத்தி நின்று, "டீச்சர், படம்" என்றாளாம். அதை வீட்டில் சொன்னபோது அக்கா எழுந்து மூன்றையும் எங்களுக்கு நடந்து காட்டினார்.

மறுவாரம் தாளாளர் பார்த்துவிட்டார். "இது ஸ்கூலா, டான்ஸ் கிளாஸா? பேரண்ட்ஸ் கேக்கறாங்க. உக்கார வெச்சு எழுத வைங்க." அறை முழுக்கப் பெஞ்சு போட்டார்கள்.

பிறகு கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளி அக்காவை அழைத்தது. அசல் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தாளாளரிடம் அக்கா மூன்று முறை கேட்டார். "வருஷக் கடைசியில பாக்கலாம்" என்பதே பதில். நான் போய்ச் சண்டை போடுகிறேன் என்றேன்.

"வேணாம்டா. கோவத்துல கிழிச்சுப் போட்டார்னா நான் எங்க போவேன்?"

அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. அதன்பின் பதினோரு வருடம் அதே அறை. ஞாயிறு மாலையானால் அக்காவுக்குப் பேச்சு குறைந்துவிடும். புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஒருமுறை, "மூச்சு முட்டுதுடா" என்றார். நான் வேறு ஏதோ பேசி மாற்றினேன். அது இன்னும் உறுத்துகிறது.

சிறுநீரகம் பழுதாகி அக்கா தாம்பரத்தில் மருத்துவமனையில் படுத்துவிட்டார். இனி வரமாட்டார் என்று தெரிந்ததும் தாளாளர் சான்றிதழ்கள் இருந்த உறையைக் கொடுத்தனுப்பினார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு" என்றார். மூன்றாம் நாள் கண்மூடினார்.

மருத்துவமனையில் மாறிமாறித் துணையிருந்த அத்தை மகள்களுக்கும், காரியங்கள் முடியும்வரை எங்களுக்குச் சோறு கொடுத்தனுப்பிய எதிர்வீட்டாருக்கும் நன்றி. பதினாறாம் நாள் வந்திருந்த பள்ளி ஆயாம்மா சொல்லித்தான் எங்களுக்கு ஒன்று தெரிந்தது.

"சார் வெளியூர் போற அன்னிக்கு டீச்சர் பெஞ்சையெல்லாம் ஓரமாத் தள்ளிட்டு பசங்கள நடக்க விடுவாங்க. நான் கேட்டாண்ட குந்திக்கினு இருப்பேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டா மணி அடிப்பேன்."

"மாசத்துல எத்தனை நாள் போவார்?" என்று கேட்டேன்.

"ஒரு நாளு. சில மாசம் ரெண்டு."

அந்த நாட்களில் வாசலில் காவல் இருந்த ஆயாம்மாவுக்கு எங்கள் குடும்பத்தார் அனைவரின் வணக்கம்.