போர்வைக்குள் வந்தவர்

இன்று காலை கல்லடியில் ஒரு கராஜைக் கடக்கும்போது இரும்பு வெட்டும் சத்தம் கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன். மனசு பத்து வயதுக்குத் திரும்பிவிட்டது.

அன்று வீதிப் பாதுகாப்பு சொல்லித்தர எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தீயணைப்புப் படையினர் வந்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த நொறுங்கிய காருக்குள், எப்படி மீட்பது என்று அவர்கள் செய்துகாட்ட, காயப்பட்டவளாக நடிக்க நான் ஏறினேன். இரும்பு வெட்டும் மெஷின் கதவை வெட்டத் தொடங்கியதும் கார் முழுவதும் அதிர்ந்தது. எண்ணெய் மணம் மூச்சை அடைத்தது. நான் நிசமாகவே அழத் தொடங்கினேன். உடனே ஒரு வீரர் பின்பக்கத்தால் தவழ்ந்து வந்து, கண்ணாடித் துண்டு படாமல் என்னை மூடியிருந்த போர்வைக்குள் தானும் தலையை நுழைத்தார்.

"பயப்பிடாத மகள், நான் பக்கத்தில இரிக்கன்."

"உங்களுக்குப் பயமில்லையா மாமா?"

"சத்தத்துக்குப் பயமில்ல. பெல்ட், ஹெல்மெட் போடாம அடிபட்ட ஆக்களத் தூக்கப் போறதுக்குத்தான் பயம். அவங்களோடயும் நான் இப்பிடிக் கதைச்சுக்கொண்டே இருப்பன், சில நேரம் மறுமொழி வராது."

கதவு கழன்றதும் என்னைத் தூக்கிவந்து, "இந்தப் பிள்ளைக்குக் கை தட்டுங்க!" என்றார்.

பின்னேரம் மோட்டார்சைக்கிளில் என்னை ஏற்ற வந்த அப்பாவிடம் அந்த வீரர் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பாவிடமும் ஹெல்மெட் இல்லை, எனக்கும் இல்லை. அப்பா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவில்லை. மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டே, கல்லடிப் பாலம் தாண்டி வீடுவரை என்னோடு நடந்து வந்தார்.